தோவாளையில் இருந்து மதுரை வரை: பெரிய எஞ்சின் ஸ்கூட்டர் வாங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. தோவாளையில் வீடு, மார்த்தாண்டத்தில் வேலை. போக வர ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மனைவியோடு மதுரையில் படிக்கும் மகளைப் பார்க்கப் போக வேண்டும். வயது 47. இடது மணிக்கட்டில் வலி, கிளட்ச் பிடித்து பைக் ஓட்ட முடியவில்லை. இப்போது இருக்கும் 110 சி.சி. ஸ்கூட்டரில் மதுரை போய் வந்தால் மறுநாள் முதுகை நிமிர்த்த முடிவதில்லை. 150 சி.சி.க்கு மேல் உள்ள ஸ்கூட்டர் எடுத்தால் தினசரி ஓட்டத்துக்கும் தூரப் பயணத்துக்கும் ஒன்றாகச் சரிப்படுமா? இன்னும் பெரிசாகப் போகலாமா?

சரிப்படும். நாகர்கோவிலில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருஷமாக ஸ்கூட்டரிலேயே எல்லா இடத்துக்கும் போய் வருகிறவன் நான். கடைசி மூன்று வருஷமாக யமஹா ஏராக்ஸ் 155 ஓட்டுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடைக்குப் போய் முதலில் சி.சி. கேட்காதீர்கள். சக்கரம் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். உங்கள் முதுகுவலியில் எஞ்சினின் பங்கை விட சக்கரத்தின் பங்குதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் அதிகம் ஓடும் 110 சி.சி. ஸ்கூட்டர்களில் பின்சக்கரம் 10 அங்குலம். டயரோடு சேர்த்து அளந்தால் குறுக்களவு சுமார் 43 சென்டிமீட்டர் வரும். ஏராக்ஸில் இரண்டு பக்கமும் 14 அங்குலம், டயரோடு 53 முதல் 55 சென்டிமீட்டர். கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் மழை முடிந்த சமயத்தில் வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்று தினம் போகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு சாண் அகலக் குழியில் சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி, எதிர்க் கரையில் முட்டி ஏறும். பெரிய சக்கரம் பாதி இறங்குவதற்குள் மறுகரையைத் தொட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. சாதாரண ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும். சக்கரம் குதிக்கும்போதெல்லாம் எஞ்சினும் கூடவே குதிக்கிறது. அத்தனை கனத்தையும் பின்பக்க ஷாக் அடக்க வேண்டும், முடியாததை உங்கள் இடுப்பு வாங்கிக்கொள்ளும். 155, 160 சி.சி. வண்டியிலும் இந்த அமைப்பு மாறவில்லை. பைக் மாதிரி மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். குழியின் அடி குறையும், முழுதாக மறையாது.

அப்புறம் எஞ்சின். உங்கள் 110 சி.சி. வண்டி தனியாகப் போகும்போது 75 வேகத்தை எட்டும். இரண்டு பேரும் ஒரு பையுமாக ஏறி, கயத்தாறு பக்கம் எதிர்க்காற்று அடித்தால் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால்தான் அந்த வேகம் நிற்கும். மணிக்கணக்காக அப்படி ஓடினால் வண்டிக்கும் நல்லதில்லை, திருகிப் பிடித்த கைக்கும் நல்லதில்லை. ஏராக்ஸில் 15 குதிரைத்திறன் இருக்கிறது. இரண்டு பேரோடு 75 முதல் 80 வரை போனாலும் கையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். லாரியைத் தாண்ட வேண்டிய அந்த நாலைந்து நொடியில் அந்த மிச்சம்தான் காப்பாற்றும். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்ச வேகமே 80 தான், மற்ற சாலைகளில் 60. ஆகவே நம் தேவைக்கு இந்த அளவு சக்தி போதும்.

150 சி.சி. என்றால் ஏதோ புதுசு என்று நினைக்க வேண்டாம். நம் அப்பாக்கள் ஓட்டிய பஜாஜ் சேத்தக்கும் எல்.எம்.எல். வெஸ்பாவும் 150 சி.சி. வகைதான். கையில் கியர், 10 அங்குலச் சக்கரம், கூடவே ஒரு ஸ்டெப்னி. கியர் இல்லாத சின்ன ஸ்கூட்டர்கள் வந்த பிறகுதான் எஞ்சின் சிறுத்தது. 2006-இலேயே கைனெட்டிக் பிளேஸ் என்று 165 சி.சி. கியரில்லா ஸ்கூட்டர் வந்தது, ஊரில் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 2021 செப்டம்பரில் ஏராக்ஸ் வந்த பிறகுதான் இந்த வகைக்கு ஆள் சேர ஆரம்பித்தது.

இப்போது உங்கள் முன்னால் இருப்பவை என்று பார்த்தால், ஏராக்ஸ் 155: தண்ணீரில் குளிரும் எஞ்சின், எடை 126 கிலோ, டேங்க் 5.5 லிட்டர். ஹீரோ ஜூம் 160: இதுவும் தண்ணீரில் குளிர்வதுதான், இதுவும் 14 அங்குலச் சக்கரம், கிட்டத்தட்ட அதே சக்தி, டேங்க் 7 லிட்டர், ஆனால் எடை 142 கிலோ. டி.வி.எஸ். என்டார்க் 150: 2025-இல் வந்தது, காற்றில் குளிரும் எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், 115 கிலோதான். சுசுகி பர்க்மன் பார்க்கப் பெரிய வண்டியாக இருக்கும், சீட்டும் சுகமாக இருக்கும், ஆனால் எஞ்சின் 125. உருவத்தைப் பார்த்து அதை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

எடையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடும்போது 142 கிலோ தெரியாது, நெடுஞ்சாலையில் அது நல்லதும்கூட. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடை முன்னால், இரண்டு ஆட்டோவுக்கு நடுவில், கொஞ்சம் சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னால் இழுத்து எடுக்கும்போது தெரியும். மணிக்கட்டு வலி இருக்கிறவர் அதை ஷோரூமில் செய்து பார்க்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டிலும் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள்.

ஃபுட்போர்டு விஷயத்தைப் பலர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். ஏராக்ஸிலும் ஜூம் 160-இலும் கால் வைக்கும் இடத்துக்கு நடுவில் மேடு ஒன்று எழும்பி நிற்கும். பெட்ரோல் டேங்க் அங்கேதான். வண்டி வளைவில் உறுதியாக நிற்பதற்கு அது உதவுகிறது. ஆனால் கேஸ் சிலிண்டர் வைக்க முடியாது, அரிசி மூட்டை வைக்க முடியாது, சந்தையில் வாங்கிய ஏத்தங்குலையை, அதாவது நேந்திரன் வாழைத்தாரை, காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு வர முடியாது. நீங்கள் தோவாளைக்காரர், வீட்டில் யாராவது பூ வியாபாரத்தில் இருந்து கூடை ஏற்றும் வேலை உண்டு என்றால் என்டார்க் 150 தான் உங்களுக்கு, ஏனென்றால் அதில் ஃபுட்போர்டு சமமாக இருக்கும். 12 அங்குலச் சக்கரத்தோடு சமாதானம் செய்துகொள்ளலாம். 10-ஐ விட அது எவ்வளவோ மேல்.

அதே அளவு முக்கியமானது, உங்கள் மனைவி எப்படி உட்காருவார் என்பது. இந்த வண்டிகளில் பின் சீட் உயரமாகவும் அகலமாகவும் இருக்கும். புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து மார்த்தாண்டம் வரை போகலாம். மதுரைக்கு 230 கிலோமீட்டர் அப்படிப் போவது ஆபத்து, இதை நான் அழுத்தியே சொல்கிறேன். பக்கவாட்டில் காற்று தள்ளும்போது, திடீரென்று பிரேக் பிடிக்கும்போது, ஒரு பக்கமாக உட்கார்ந்தவருக்குப் பிடிமானமே கிடையாது. சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். அவரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போய், சும்மா ஏறி இறங்காமல் பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். காலை வெகுநேரம் விரித்து வைத்தால் இடுப்பு வலிக்கிறது என்று அவர் சொன்னால் அந்த வண்டி வேண்டாம், எத்தனை சி.சி.யாக இருந்தாலும் சரி.

இனி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய ஒன்று, காற்று. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் இருந்து கிழக்கே கிளம்பினால் சில நிமிஷத்தில் ஆரல்வாய்மொழி, அதைத் தாண்டினால் முப்பந்தல். மலையில் இருக்கும் அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று முழுதும் புகுந்து வருவதால்தான் அங்கே அத்தனை காற்றாலை. வைகாசி கடைசியில் இருந்து புரட்டாசி வரை அந்த வழியில் ஸ்கூட்டர் ஓட்டுவது ஒரு தனிப் பழக்கம். ஸ்கூட்டரில் கனம் எல்லாம் பின்னால், முன்சக்கரம் லேசு. முன்னால் அகலமான தகடும் கண்ணாடியும் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் முன்பக்கம் இன்னும் லேசாகும். நான் அங்கே 50-க்கு மேல் போவதே இல்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி அதிகமாக ஆடும். கையைத் தளர்த்தி, முட்டியை உள்ளே சேர்த்து, லேன் நடுவில் போங்கள். லாரி பக்கத்தில் வரும்போதுதான் ரொம்பக் கவனம் வேண்டும். லாரி காற்றை மறைக்கும், வண்டி சட்டென்று நிமிரும். லாரி கடந்ததும் அடைத்து வைத்த காற்று ஒரே வீச்சாக வந்து அடிக்கும். அந்த இரண்டு கணத்துக்கும் முன்னாலேயே தயாராக இருங்கள். பின்னால் உயரமான பெட்டி மாட்டும் ஆசை இருந்தால் ஆடி மாதத்தில் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் ஏராக்ஸில் 24.5 லிட்டர் இடம் இருக்கிறது, இரண்டு நாள் துணிக்கு அது போதும்.

தூரப் பயணத்துக்கு ஸ்கூட்டர் எடுக்கிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது பெல்ட். கியர் இல்லாத ஸ்கூட்டரின் உயிர் அதில்தான் இருக்கிறது. இடது பக்கம் நீளமாகத் தெரியும் மூடிக்குள் முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவில் ரப்பர் பெல்ட். முன் கப்பிக்குள் சின்னச் சின்ன ரோலர்கள் உண்டு. எஞ்சின் வேகம் கூடக் கூட ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி, கப்பியின் இரண்டு தட்டையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பின் கப்பி அதே அளவுக்கு அகன்று கொடுக்கும். நாம் கியர் மாற்றுவதற்குப் பதில் இதுதான் நடக்கிறது. எல்லாமே உராய்வில் ஓடுவதால் பெல்ட் தேயும், சூடாகும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஏராக்ஸுக்கு முன்னால் என்னிடம் ஒரு 125 இருந்தது. 27,000 கிலோமீட்டர் ஓடியும் பெல்ட்டை மாற்றாமல் தள்ளிப் போட்டிருந்தேன். பணகுடி தாண்டியதும் இடது பக்கம் மூடிக்குள் படபடவென்று ஒரு சத்தம். அடுத்த கணம் எஞ்சின் மட்டும் இரைகிறது, வண்டி நகரவில்லை. மதியம் ஒரு மணி. புளியமரத்து நிழலில் ஒரு மணி நேரம் நின்று, ஒரு குட்டியானை பிடித்து, வண்டியை ஏற்றி மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றியதும் கறுப்புத் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. பெல்ட்டின் நூல் எல்லாம் பிரிந்து, பின்பக்கத்தில் தானாக இயங்கும் கிளட்சைச் சுற்றித் தலைமுடி மாதிரி இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுத்து அறுத்துத்தான் எடுத்தார். “அண்ணாச்சி, இத எப்ப கடைசியா கழட்டிப் பாத்திய?” என்று கேட்டார். ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. ரோலர் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகி, மேசையில் வைத்தால் உருளாமல் அப்படியே நின்றது.

கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பெல்ட்டை மாற்றுங்கள். உங்களுக்கு மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும், ஒரு வருஷத்தில் 24,000. அதாவது வருஷத்துக்கு ஒரு பெல்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டைத் திருப்பி வளைத்தால் பல்லுக்கு நடுவில் வெடிப்பு தெரிந்தால், ஓரத்தில் நூல் தெரிந்தால், அன்றே மாற்றுங்கள். ஓட்டும்போதே தெரியும் அடையாளமும் உண்டு: முன்பு எட்டிய வேகத்தை இப்போது எட்டவில்லை, இரைச்சல் மட்டும் கூடியிருக்கிறது என்றால் பெல்ட்டோ ரோலரோ தேய்ந்திருக்கிறது. கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச். பின்சக்கரத்தின் பக்கம் தனியாக ஒரு கியர் ஆயில் உண்டு, எஞ்சின் ஆயிலோடு அதையும் ஞாபகப்படுத்துங்கள். பல கடையில் கேட்டால்தான் மாற்றுகிறார்கள்.

மழை நமக்கு இரண்டு பருவம். தேங்கிய தண்ணீரில் முட்டி அளவுக்கு இறக்கினால் பெல்ட் மூடிக்குள் தண்ணீர் புகுந்து பெல்ட் வழுக்கும். வண்டி முக்கும், நகராது. மூடிக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு வழி வைத்திருப்பார்கள், சர்வீஸில் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் விஷயத்தில் இந்த வகை வண்டிக்கு ஒரு நல்லது இருக்கிறது. 125 சி.சி.க்கு மேல் உள்ள புது வண்டிகளில் 2019 ஏப்ரலில் இருந்து, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். நான் சொன்ன 150, 160 சி.சி. வண்டிகளில் அது முன்சக்கரத்துக்கு இருக்கும். ஈரத்தில் முன்பிரேக்கை நம்பிப் பிடிக்கலாம். பின்சக்கரம் பழையபடிதான், மிதமாகப் பிடியுங்கள். தை, மாசியில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து ரோடு முழுக்கக் கிடக்கும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் எந்த டயரும் நிற்காது, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மலைக்குப் போக ஆசை இருந்தால் பொன்முடி இந்த வண்டிகளுக்கு ஏற்ற தூரம். 22 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறும்போது தொந்தரவே இல்லை. இறங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு ரொம்ப மெதுவாக இறங்கினால் கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் பிடிப்பு போய் வண்டி சும்மா உருளும், சுமை எல்லாம் பிரேக் மேல் விழும். லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்துக்கொண்டு இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

கன்னியாகுமரி, முட்டம், குளச்சல் என்று கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர் என்றால் மறுநாளே நல்ல தண்ணீரில் வண்டியை அடியோடு கழுவுங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது சைலன்சரையும் நட்டு போல்ட்டையும்தான். ஏராக்ஸில் ரேடியேட்டர் வலது பக்கம் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது, சேறு அடைந்தால் மெதுவாகத் தண்ணீர் விட்டு எடுங்கள். பிரஷர் தண்ணீரை நேராக அதில் அடிக்க வேண்டாம்.

இன்னும் பெரிசாகப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. கீவே வியஸ்டே 300 என்று 278 சி.சி. வண்டி இருக்கிறது. பி.எம்.டபிள்யூ. சி 400 ஜி.டி. பெயரில்தான் 400, எஞ்சின் 350 சி.சி., 34 குதிரைத்திறன், எடை 200 கிலோவுக்கு மேல். ஹோண்டா எக்ஸ்-ஏ.டி.வி. 745 சி.சி. கடைசி இரண்டும் பத்து லட்சத்தைத் தாண்டியவை. வெளிநாட்டில் இந்த வகையில் தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் நிறைய. வண்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தினம் 80 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மூன்று நாள் வண்டி நின்றாலே கஷ்டம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சர்வீஸும் பெல்ட்டும் பிரேக் பேடும் அன்றைக்கே கிடைக்கும் வண்டியை மட்டும் எடுங்கள். விலையில் ஒரு ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகிவிட்டது. லைசென்ஸில் மாற்றம் எதுவும் தேவையில்லை, கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் போதும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், வீட்டுக்குச் சுமை ஏற்றும் வேலை இல்லை என்றால், ஏராக்ஸ். மதுரைக்கு மாதா மாதம் போக வேண்டி வந்தால் 7 லிட்டர் டேங்குக்காக ஜூம் 160-ஐயும் ஓட்டிப் பார்த்து, தள்ளிப் பார்த்து முடிவு செய்வேன்.

மதுரைப் பயணத்துக்கு என் கணக்கு இது. எனக்கு இரண்டு பேரோடு லிட்டருக்கு 40 கிடைக்கிறது. 5.5 லிட்டரில் 200 கிலோமீட்டருக்கு மேல் நம்பக் கூடாது, ஆகவே கோவில்பட்டியில் டேங்கை நிரப்புங்கள், பாதித் தூரம் தாண்டியிருக்கும். 60, 70 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் நிறுத்துங்கள், பெல்ட்டும் ஆறும், இடுப்பும் ஆறும். நாங்குநேரி டோலில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரமாகப் போய்விடலாம். பின்னால் ஆள் உட்காரும்போது டயர் காற்று கையேட்டில் இருவருக்கு என்று போட்டிருக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஸ்டெப்னி காலம் போய்விட்டது, டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட்டும் சின்னக் காற்று பம்பும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும், ஒரு தடவை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். தோவாளைப் பூ மார்க்கெட் வண்டிகள் அந்நேரம் ரோட்டில் நிற்கும், அதை மெதுவாகக் கடந்துவிட்டால் முப்பந்தலில் காற்று ஏறுவதற்கு முன்னால் காவல்கிணறு போய்ச் சேர்ந்துவிடலாம்.